பார்க்க வைப்பவன்

2021 பிப்ரவரி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு துரித உணவகம். காரைவிட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கிச் செல்லும் ஜன்னலுக்கு வந்த ஒருவன், இடுப்புக்குக் கீழே எதுவும் அணியாமல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் நிற்கும் பெண்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி உட்கார்ந்திருந்தான். அந்த மாதம் 14ஆம் தேதி ஒரு முறை, 27ஆம் தேதி இன்னொரு முறை. ஊழியர்கள் சும்மா இருக்கவில்லை. காரின் எண், பணம் செலுத்திய அட்டையின் விவரம் எல்லாம் போலீஸுக்குக் கிடைத்தன. மார்ச் 3 அன்று ஒரு காவலர் உணவகத்துக்கு விசாரிக்கப் போனார். அன்று இரவு லண்டனில் 33 வயது சாரா எவரார்ட் கடத்தப்பட்டு, வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அந்தக் காரின் சொந்தக்காரன் வேய்ன் கசன்ஸ், அப்போது போலீஸ் வேலையில் இருந்தவன். விசாரிக்கப் போன காவலர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு பின்னர் முடிவு செய்தது. இதுபற்றி 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஆஞ்சியோலினி விசாரணை அறிக்கை இன்னும் பின்னோக்கிப் போனது. 2015லேயே அவன் காரில் அரை நிர்வாணமாகப் போவதாக வண்டி எண்ணோடு ஒரு புகார் வந்து, கிடப்பில் போடப்பட்டிருக்கிறது. 2020 நவம்பரில் சைக்கிளில் போன ஒரு பெண்ணின் முன்னால் நிர்வாணமாக வந்து நின்றதும் அவன்தான்.

உறுப்பைக் காட்டுகிறவன் எல்லாம் கொலைகாரனாகிவிடுவான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அது பொய். இத்தகைய குற்றவாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேரே உடல் மீது கைவைக்கும் குற்றங்களுக்குப் போகிறார்கள் என்று கணக்கிட்டது. ஆனால் அத்தனை தடயம் கையில் இருந்தும் ஏன் யாரும் அவசரப்படவில்லை என்று கேட்கத்தான் வேண்டும். நம் பஸ் ஸ்டாண்டில் இதே புகாருக்கு என்ன பதில் வரும்? "லூசுப் பய, கண்டுக்காம போம்மா." கென்ட்டில் நடந்ததற்கும் இதற்கும் சாரத்தில் வித்தியாசம் இல்லை. இதே சமூகங்கள், யாரையும் சீண்டாமல் ஒருவர் ஆடையில்லாமல் இருந்தால் மட்டும் கொதித்துப் போகின்றன. கடற்கரையில் ஆடையின்றி ஓடிய ஒரு நடிகர் மீது வழக்கு. மாணவிகளின் விடுதி வாசலில் நின்று காட்டுகிறவனுக்கு ஒரு அதட்டல். காட்டுகிறவனின் குற்றத்தை நாம் நிர்வாணத்தின் ஒரு கிளையாக வைத்துப் பார்ப்பதால்தான் இந்தத் தலைகீழ். அது வேறு வகையைச் சேர்ந்தது. இன்னொருவரின் விருப்பத்தின் மீது நடக்கும் அத்துமீறல் அது. உடம்பு அதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான்.

மருத்துவம் இதை ஆரம்பத்திலேயே கவனித்திருக்கிறது. 1877இல் சார்ல்ஸ் லாசேக் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் எக்ஸிபிஷனிசம் என்ற பெயரோடு இப்படிப்பட்டவர்களைப் பற்றி முதலில் எழுதினார். திரும்பத் திரும்ப வருவார்கள், காட்டுவார்கள், அதற்கு மேல் நெருங்க மாட்டார்கள் என்பது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு இதை இன்னும் கறாராக வரையறுக்கிறது. எதிர்பாராத நிலையில் இருக்கும் ஒருவரிடம் தன் பாலுறுப்பைக் காட்டுவதிலிருந்து வரும் கிளர்ச்சி, குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். அந்த உந்துதலைச் சம்மதம் தராத ஒருவர் மீது செயல்படுத்தியிருக்க வேண்டும், அல்லது அதனால் காட்டுகிறவருக்கே பெரும் வேதனையோ வாழ்க்கையில் பாதிப்போ இருக்க வேண்டும். வரையறையின் பாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'ஆடையில்லாமல்' என்பதில் அல்ல, 'எதிர்பாராத', 'சம்மதம் தராத' என்பவற்றில். சம்மதத்தோடு துணைவர் முன்னால் ஆடை களைவதில் கிளர்ச்சி அடைகிறவருக்கு இந்தக் கையேட்டின்படி நோய் எதுவும் இல்லை.

இந்த உந்துதல் அபூர்வமானதும் அல்ல. ஸ்வீடனில் 18 முதல் 60 வயதுக்குள்ளான 2,450 பேரிடம் 1996இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பை லாங்ஸ்ட்ரோம், சீட்டோ என்ற இருவர் 2006இல் ஆராய்ந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் உறுப்பைக் காட்டிக் கிளர்ச்சி அடைந்த அனுபவம் ஒரு முறையாவது உண்டு என்று 3.1 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக நூற்றில் மூன்று பேர். ஏன் இப்படி என்பதற்கு ஒரே விடை இல்லை. கர்ட் ஃப்ராய்ண்ட் என்ற பாலியல் ஆய்வாளர் இதைக் 'காதல் நாடும் முறையில் ஏற்பட்ட பிறழ்வு' என்று விளக்கினார். துணையைப் பார்ப்பது, கவனத்தை ஈர்ப்பது, தொடுவது, கூடுவது என்ற படிகளில் ஏதோ ஒன்று மட்டும் வீங்கிப்போய்த் தனியாக நின்றுவிடுகிறது என்பது அவர் வாதம். ஒளிந்து பார்ப்பவனுக்கு முதல் படி, காட்டுகிறவனுக்கு இரண்டாம் படி, கூட்டத்தில் உரசுகிறவனுக்கு மூன்றாம் படி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தில் அதிர்ச்சி தெரிவதே ஏன் பலருக்கு இன்பமாகிறது என்பதற்கு இது முழு விளக்கம் ஆகாது. சிகிச்சைக்கு வருகிறவர்களில் சிலர் அவள் ரசிப்பாள் என்று கற்பனை செய்துகொண்டவர்கள்; வேறு சிலர் அவள் அலறுவதைத்தான் எதிர்பார்த்தவர்கள். இரண்டு கற்பனைக்கும் பொதுவானது, அவள் என்ன விரும்புகிறாள் என்ற கேள்வியே அதில் இல்லை என்பது.

நிர்வாணமும் காட்டுவதும் வேறு வேறு என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாடே இருக்கிறது. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'சுதந்திர உடல் பண்பாடு' என்ற இயக்கம் கிளம்பியது. அந்நாட்டில் அதன் ஜெர்மன் பெயரின் சுருக்கமான எஃப்.கே.கே என்ற மூன்றெழுத்து எந்தக் கடற்கரைப் பலகையில் இருந்தாலும் அங்கே ஆடையின்றிக் குளிக்கலாம் என்று பொருள். இயக்கத்தின் முன்னோடிகள் எல்லோரும் புனிதர்கள் இல்லை. ரிச்சர்ட் உங்கேவிட்டர் போன்றவர்கள் நிர்வாணத்தோடு இனத்தூய்மைப் பித்தையும் சேர்த்தே பரப்பினார்கள். நாஜிகள் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் கோரிங் இந்த இயக்கத்தைத் தடை செய்ய ஆணையிட்டார். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசும் 1954இல் பால்டிக் கரையில் தடை போட்டுப் பார்த்தது. மக்கள் மனுப் போட்டு, முறைத்துக்கொண்டு, தடையைப் பொருட்படுத்தாமல் குளிக்கவே, இரண்டே ஆண்டில் அரசு இறங்கி வந்து அதற்கென இடங்களை ஒதுக்கியது. மியூனிக் நகரில் ஊருக்கு நடுவில் இருக்கும் ஆங்கிலத் தோட்டத்தில் வெயில் காலத்தில் ஆடையின்றிப் படுத்திருப்பவர்களை, அலுவலகம் விட்டு வீடு போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த நாட்டின் குற்றவியல் சட்டத்தில்தான் பிரிவு 183 இருக்கிறது. எக்ஸிபிஷனிசச் செயலால் இன்னொருவருக்குத் தொல்லை தரும் ஆணுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். ஆடையின்றி இருப்பது அங்கே குற்றவியல் குற்றமே அல்ல. பொருத்தமில்லாத இடத்தில் செய்தால் அதிகபட்சம் ஒழுங்குமீறலுக்கான அபராதம். அதாவது நிர்வாணத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த சமூகம், காட்டுகிறவனுக்குத் தனிப்பிரிவே ஒதுக்கி வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் இது முரண். வேறு வேறு என்றால் முரணே இல்லை. அந்தப் பிரிவு ஆண்களை மட்டும் சொல்வது ஒரு குறை என்று வாதிடுகிறவர்கள் உண்டு, நியாயமான வாதம்தான். அதிலுள்ள இன்னொரு துணைவிதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகே இவன் திருந்துவான் என்ற நிலையிலும், சிறைத்தண்டனையை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கு அனுப்ப அது நீதிபதிக்கு இடம் தருகிறது. 'நோயாளியைப் போய் தண்டிப்பதா?' என்று ஒரு பக்கமும், 'நோய் என்று சொல்லித் தப்பவிடுவதா?' என்று மறுபக்கமும் நாம் மல்லுக்கட்டும் விஷயத்தில், குற்றம் குற்றம்தான், மருந்து மருந்துதான் என்று அந்தச் சட்டம் இரண்டையும் ஒரே பிரிவில் முடித்துவிட்டது. மனப்பயிற்சிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் கைகொடுக்கின்றன. ஆனால் தானாக மருத்துவரிடம் வருகிறவர் குறைவு. பெரும்பாலோரைக் கொண்டுவந்து சேர்ப்பது புகார்தான். கண்டுகொள்ளாமல் போகச் சொல்லும் அறிவுரை, அவனுக்குமே நல்லது செய்வதில்லை.

நிர்வாணம் சகஜமான இடங்களில் ஒழுக்கம் தளர்ந்திருக்கும் என்று வெளியிலிருந்து தோன்றும். உள்ளே போனால் விதிகள் கூடுதல். சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஃபின்லாந்தில் ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள் உண்டு; நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஒன்று இருக்கிறது. குடும்பமும் நண்பர்களும் ஆடையின்றி ஒரே பலகையில் உட்கார்ந்து வியர்ப்பார்கள். அங்கே ஒருவர் இன்னொருவரின் உடம்பை உற்றுப் பார்த்தால் மறுமுறை அவருக்கு அழைப்பு வராது. ஜப்பானின் வெந்நீர் ஊற்றுகளிலும் அப்படியே: முதலில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், கையகலத் துண்டு தொட்டி நீரில் படக்கூடாது, கண் யார் மேலும் நிலைக்கக்கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பது அங்கே ஒரு காலத்தில் சாதாரணம். அதைப் பார்த்து முகம் சுளித்த மேற்கத்தியர்கள் ஜப்பானியர்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று 1872இல் டோக்கியோ நிர்வாகம் பொது இடத்தில் ஆடையின்றித் திரிவதற்கும் கலந்து குளிப்பதற்கும் தடை போட்டது. வெட்கம் வெளியிலிருந்து வந்து இறங்கிய கதை இது. எப்படியானாலும், அதிர்ச்சியை நம்பிப் பிழைப்பவனுக்கு சவுனாவில் வேலை இல்லை. அங்கே அவன் காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை, அதிர்வதற்கும் ஆளில்லை.

சரி, அது அவர்கள் ஊர், நம் பண்பாடு வேறு என்பார்கள். உண்மையில் நம் நாட்டின் நிலை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடியது அல்ல. 2016 ஆகஸ்டில் ஹரியானா சட்டமன்றத்தில் திகம்பர முனிவர் தருண் சாகர் ஆடையின்றி அமர்ந்து உரையாற்றினார்; உறுப்பினர்கள் பயபக்தியோடு கேட்டார்கள். கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஆடையின்றித்தான் இருக்கிறார்கள். எந்தப் பெற்றோரும் பிள்ளையின் கண்ணைப் பொத்துவதில்லை. தருண் சாகரின் உரைக்கு நான்கு ஆண்டு கழித்து நடிகர் மிலிந்த் சோமன் தன் 55ஆவது பிறந்தநாளில் கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடும் படத்தை வெளியிட்டபோது அவர் மீது ஆபாசப் பிரிவில் வழக்குப் பதிவானது. முனிவரையும் நடிகரையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தியக் கண்ணுக்கு நிர்வாணம் எப்போதும் தாங்க முடியாதது என்ற வாதம் மட்டும் இனி எடுபடாது. நம் நீதிமன்றங்களும் இதைச் சொல்லிவிட்டன. 'பாண்டிட் குயின்' படத்தில் வரும் நிர்வாணக் காட்சி காமத்தைக் கிளப்ப அல்ல, அருவருப்பையும் பரிதாபத்தையும் எழுப்பவே என்று 1996இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. 2014இல், டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் காதலியோடு ஆடையின்றி நிற்கும் படம் வெளியான வழக்கில், நிர்வாணம் என்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்றது. தன் மேலுடம்பில் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் காணொளியை வெளியிட்ட ரெஹானா ஃபாத்திமா மீதான வழக்கை 2023 ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோதும் அதே தர்க்கம்தான்.

நம் வரலாற்றில் உடம்பை மறைப்பதும் காட்டுவதும் எப்போதுமே யார் தீர்மானிப்பது என்ற சண்டையாகத்தான் இருந்திருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய தென் திருவிதாங்கூர். மேல்சாதியார் முன்னால் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில் மன்னர் மறைத்துக்கொள்ள அனுமதித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கொசுறோடு. அந்தப் பெண்கள் திறந்த மார்போடு நின்றது 'இயல்பான நிர்வாணம்' அல்ல. பார்க்கப்படுவதை மறுக்கும் உரிமை பறிக்கப்பட்ட நிலை. உறுப்பைக் காட்டுகிறவன் இதையே புரட்டிப் போட்டுச் செய்கிறான்: பார்ப்பதை மறுக்கும் உரிமையைப் பறிக்கிறான்.

மணிப்பூரைப் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகும். 2004 ஜூலை 15 அன்று இம்பாலில் காங்லா கோட்டை வாசலில், தங்ஜம் மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பன்னிரண்டு பெண்கள் ஆடைகளைக் களைந்து அசாம் ரைஃபிள்ஸ் படையினர் முன்னால் நின்றார்கள். பலர் தாய்மார், பாட்டிமார். அதே மாநிலத்தில் 2023 மே மாதம் ஒரு கும்பல் இரண்டு பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலமாக இழுத்துப் போனது. ஜூலையில் காணொளி வெளியானபோது நாடே தலைகுனிந்தது. இரண்டிலும் பொது இடத்தில் பெண்களின் ஆடையற்ற உடல். ஆடையை மட்டும் அளவுகோலாக வைத்தால் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. இங்கே என் வாதத்துக்கு ஒரு சங்கடமான கேள்வி வரும்: காங்லா வாசலில் நின்ற பெண்களும் அதிர்ச்சியைத்தானே நாடினார்கள், எதிரில் நின்ற சிப்பாய்களிடம் சம்மதம் கேட்டார்களா? கேட்கவில்லை. ஆகவே சம்மதம் என்ற சொல்லை மட்டும் வாய்ப்பாடு போல ஒப்பித்தால் போதாது. அவர்களுடைய அதிர்ச்சி, துப்பாக்கி வைத்திருந்தவனை நோக்கி ஏவப்பட்டது. அதில் காம இன்பம் இல்லை. அந்த உடல்கள் ஒரு குற்றச்சாட்டாக நின்றன. தனியாக நடந்துபோகும் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய பயத்தில் சுகம் காண்பவனுக்கு அந்த வாசலில் நிற்க யோக்கியதை கிடையாது. யாரிடமிருந்து யாரை நோக்கி, எதற்காக என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்தாலும் பிடிபடாத ஒரு ஆள் உண்டு. ஸ்டீஃபன் காஃப், முன்னாள் பிரிட்டிஷ் மரைன் படை வீரர். பிரிட்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆடையின்றி, பூட்ஸும் முதுகுப் பையுமாக நடந்தார். காமம் அவர் நோக்கமல்ல. உடம்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது அவர் கொள்கை. ஸ்காட்லாந்தில் பிடித்தார்கள், சிறையில் போட்டார்கள், விடுதலையாகி ஆடையின்றியே வெளியே வந்ததும் மறுபடி பிடித்தார்கள். இப்படியே ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போனது. 2014 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏழு ஆண்டு சிறை என்பது என் பார்வையில் அபத்தம். அதே சமயம் அவரை முழுக்க ஆதரிக்கவும் மனம் வரவில்லை. எஃப்.கே.கே கடற்கரைக்குப் பலகை இருக்கிறது. பிடிக்காதவர் வேறு கரைக்குப் போகலாம். காஃப் போன தெருவுக்குப் பலகை இல்லை. தன் சுதந்திரத்துக்கு மற்றவர்களின் விருப்பம் ஒரு பொருட்டல்ல என்று அவரும் ஓரளவு முடிவு செய்திருந்தார். இதற்கு ஒதுக்கிய இடமும் அபராதச் சீட்டும் போதும். பாலியல் குற்றவாளியின் முத்திரை தேவையில்லை. அந்த முத்திரையை இப்படிப்பட்டவர்களுக்கும் வாரி வழங்கினால், அது கசன்ஸ் போன்றவர்கள் மீது விழும்போது கனமில்லாமல் போய்விடும்.

நிர்வாணத்துக்கு இடம் கொடுத்தால் வக்கிரக்காரன் அந்தப் போர்வையில் நுழைந்துவிடுவான் என்ற பயம் முற்றிலும் வீண் அல்ல. புதர் மறைவில் நின்று வெறிப்பவர்களின் தொல்லை ஜெர்மன் ஏரிக்கரைகளிலும் உண்டு. ஆனால் அங்கே ஆடையில்லாமல் இருப்பவரே, "அவன் நடத்தை சரியில்லை" என்று கூசாமல் புகார் சொல்கிறார். புகார் சொல்பவரிடம் நீ ஏன் அங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. நம் ஊரில் வெட்கமெல்லாம் பார்த்தவள் தலையில் ஏறிவிடுகிறது. என்ன பார்த்தாள் என்று வாய்விட்டுச் சொல்லவே அவளுக்குச் சொல் கிடைப்பதில்லை. காட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு ஏது? இன்ஸ்டாகிராமில் படம் போடும் பெண்ணையும் எக்ஸிபிஷனிஸ்ட் என்று கிண்டலடிக்கும் பழக்கம் வேறு இதில் சேர்ந்துகொள்கிறது. அவள் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் தானாகத் திறக்கிறார், வேண்டாமென்றால் விரலால் தள்ளிவிடலாம்.

நம் சட்டத்தில் இதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. குழந்தையின் பார்வையில் பட வேண்டும் என்ற எண்ணத்தோடு உடலுறுப்பைக் காட்டுவதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பாலியல் தொந்தரவு என்று நேராகவே சொல்லி, மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. வளர்ந்த பெண் என்றால் கதை சுற்றுகிறது. 'பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும்' சொல், சைகை, செயல் பற்றிய பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 79. அதற்கும் மூன்றாண்டு வரை. பொது இடத்தில் ஆபாசச் செயல் என்றால் 296. மூன்று மாதம் வரை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்தில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதில் அவளுடைய பயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது அடங்கியிருக்கிறது. 296இல் எழுதினால் அவளும் தெருவில் போன இன்னொரு பார்வையாளர்தான்.

இப்போது அவன் தெருவில் நிற்க வேண்டியதுகூட இல்லை. ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போனுக்கு, அவள் கேட்காமலே, பெயர் தெரியாத ஒருவனின் படம் வந்து விழுகிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2024 ஜனவரி 31 முதல் இதைத் தனிக் குற்றமாக்கின. மார்ச் மாதமே 15 வயதுச் சிறுமிக்கும் ஒரு பெண்ணுக்கும் படம் அனுப்பிய ஒருவனுக்கு மொத்தம் 66 வாரச் சிறை கிடைத்தது. சட்டம் வரும் முன்பே பெண்கள் அமைப்புகள் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டின. பதற்றமோ அவமானமோ ஏற்படுத்தும் எண்ணத்தோடு, அல்லது தன் காம இன்பத்துக்காக அனுப்பினான் என்று நிரூபிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அவள் கேட்டாளா, சம்மதித்தாளா என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. "சும்மா விளையாட்டுக்குத்தான் அனுப்பினேன்" என்பவனின் மனசுக்குள் அரசு வழக்கறிஞர்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.